திரையில் கோளாறா, திட்டத்தில் கோளாறா? ப்ராடக்ட் டீமுக்கு அறிகுறிவாரியான வழிகாட்டி

பயன்பாட்டு எண்களைக் காட்டும் டேஷ்போர்டில் ஒரு கோடு சரிந்தால் டீமில் முதலில் எழும் குரல் "டிசைனை மாத்திப் பாக்கலாம்" என்பதுதான். பட்டன் நிறம் மாறும், வரவேற்புத் திரை மாறும், சில சமயம் ஆப்பே தலைகீழாகப் புதிதாகிவிடும். சரிந்த கோடு மட்டும் சரிந்தபடியே கிடக்கும். எங்கே பழுது என்று பார்க்காமல் கைக்கு எட்டியதை மாற்றினால் வேறென்ன நடக்கும்?

கீழே உள்ள அறிகுறிகள் எதற்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பயன்படுத்துகிறவர் செய்ய முடியாமல் விட்டாரா, செய்ய வேண்டாமென்று விட்டாரா? முடியாமல் விட்டிருந்தால் அது யூஎக்ஸ் (பயனர் அனுபவ) வேலை. வேண்டாமென்று விட்டிருந்தால் அது ப்ராடக்ட் உத்தியின் (யாருக்கு, எதைச் செய்வது என்ற முடிவின்) வேலை. எவ்வளவு அழகான திரை வரைந்தாலும் தீராது. உங்கள் டீமில் எந்த அறிகுறி தெரிகிறதோ நேரே அதற்குப் போகலாம்.

டவுன்லோடு நிறைய, பதிவை முடித்தவர்கள் கொஞ்சம்

மொத்தச் சதவீதத்தை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. படிப்படியாகப் பிரித்துப் பாருங்கள்: மொபைல் எண் கொடுத்தவர்கள், ஓடிபி வந்து சேர்ந்தவர்கள், அதைப் போட்டவர்கள், பெயர் பக்கத்தைத் தாண்டியவர்கள். அதே எண்களை போன் மாடல்வாரியாக இன்னொரு தடவை பிரியுங்கள். ஓடிபி பக்கத்தில் "மறுபடி அனுப்பு" அதிகமாக அழுத்தப்பட்டிருக்கிறதா? டிசைனரைத் தேட வேண்டாம், எஸ்எம்எஸ் அனுப்பித்தரும் நிறுவனத்திடம் பேசுங்கள். ஓடிபி வந்து சேர்ந்தும் போடப்படவில்லையா? மெசேஜ் பார்க்கப் போய்த் திரும்பினால் உங்கள் ஆப் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்குகிறதா என்று சோதியுங்கள். மெமரி குறைந்த போன்களில் இது சாதாரணமாக நடக்கும். டீமில் எல்லோர் கையிலும் விலையுயர்ந்த போன் இருப்பதால் யார் கண்ணிலும் படாது. ஆபீசில் ஒரு மலிவான பழைய போனை வாங்கிப் போட்டு, வெளியிடுமுன் அதில் ஓட்டிப் பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

அடுத்து, பெயர்ப் பெட்டி. "முதல் பெயர்", "கடைசிப் பெயர்" இரண்டும் கட்டாயம் என்று வைத்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியலாக நிற்கும், அவ்வளவுதான். கடைசிப் பெயர் கேட்டால் ஒருவர் புள்ளி வைப்பார். இன்னொருவர் இனிஷியலைப் போடுவார்; "குறைந்தது 2 எழுத்துகள் வேண்டும்" என்று சிவப்பில் திட்டு விழும். மூன்றாமவர் அப்பா பெயரை முழுதாக எழுதிவிட்டு, பிறகு கேஒய்சியில் பெயர் பொருந்தாமல் மாட்டிக்கொள்வார். இதற்குத் தீர்வு ஒரே ஒரு பெட்டி: "முழுப் பெயர், அடையாள அட்டையில் உள்ளபடி". ஓர் எழுத்துப் பெயரும் இடைவெளியும் புள்ளியும் அதில் ஏறட்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஆட்கள் நழுவுகிறார்களென்றால், பதிவையே அவர்கள் விரும்பவில்லையோ என்று பாருங்கள். அமெரிக்க யூஎக்ஸ் ஆய்வாளர் ஜேரட் ஸ்பூல் 2009இல் எழுதிய ஒரு கதை இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு பெரிய ஆன்லைன் கடையில் பணம் கட்டுமுன் "பதிவு செய்க" என்று ஒரு பக்கம் குறுக்கே நின்றது. வாங்க வந்தவர்களுக்கு அது எரிச்சலூட்டியது. பழைய வாடிக்கையாளர்களோ எந்த மின்னஞ்சலில் பதிந்தோம் என்பதையே மறந்திருந்தார்கள். தினமும் 1,60,000 பேர் பாஸ்வேர்டு மறந்துவிட்டதென்று கேட்டார்கள். கேட்டவர்களில் 75 சதவீதத்தினர் அதன்பின் வாங்கவே முயலவில்லை. அந்தப் பக்கத்திலிருந்த "பதிவு செய்க" பட்டனை எடுத்துவிட்டு "தொடர்க" என்று வைத்து, பதிவு கட்டாயமில்லை என்று ஒரு வரி எழுதினார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள், முதல் ஆண்டில் 30 கோடி டாலர் கூடுதல் வருமானம். இதைப் பட்டன் வாசகத்தின் மகிமையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பதிவைக் கட்டாயமாக்கக் கூடாது என்ற முடிவுதான் வேலை செய்தது. அந்த முடிவை டிசைனர் மட்டும் எடுத்திருக்க முடியாது.

காண்டாக்ட், லொக்கேஷன், கேமரா என்று முதல் திரையிலேயே வரிசையாக அனுமதி கேட்கும் ஆப்களுக்கும் இதே பதில்: தேவைப்படும் கணத்தில் கேளுங்கள்.

ஹெல்ப்லைனுக்கு எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்

"பணம் போச்சா, போகலையா?" யூபிஐ தொட்ட எந்த ஆப்பிலும் இது முதலிடத்தில் இருக்கும். ஆர்டர் ஆப்களில் "ஆர்டர் விழுந்துதா?", அரசு சேவைகளில் "மனு எங்க நிக்குது?". ஆள் மாறினாலும் கேள்வி ஒன்றுதான். நிலவரம் சிஸ்டத்துக்குத் தெரிந்திருக்கிறது, திரைக்கு வரவில்லை.

சோதனை எளிது. அந்தத் திரையை அச்செடுத்து, ஆப்பைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இப்போது என்ன ஆகியிருக்கிறது? எப்போதைக்குள் முடியும்? நான் ஏதாவது செய்ய வேண்டுமா? ஒன்றுக்கு பதில் வரவில்லையென்றாலும் அழைப்பு வரும். "ஏதோ தவறு நடந்துவிட்டது, பிறகு முயலவும்" என்ற வாசகம் மூன்றிலும் தோற்கும். பணம் தொடர்பான திரையில் அது ஆபத்தும்கூட: நம்பி மறுபடி அனுப்பினால் இரண்டு தடவை போய்விடும். "உங்கள் வங்கியிலிருந்து பதில் வரவில்லை. மறுபடி அனுப்ப வேண்டாம். பணம் எடுக்கப்பட்டு, போய்ச் சேராமல் இருந்தால் திரும்பக் கணக்கில் ஏறும்" என்று எழுதி, எப்போதைக்குள் என்பதையும் சேர்த்தால் நீளம்தான். நீளமாகவே இருக்கட்டும்.

திரை சொல்வது உண்மைதானா என்பதையும் கேளுங்கள். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணு மின்நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ மூடியதுபோல் அணைந்திருந்தது. அந்த விளக்கு காட்டியது வால்வின் நிலையை அல்ல, வால்வுக்கு "மூடு" என்ற கட்டளை போனதை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் கண்டுபிடிக்காமல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உங்கள் ஆப்பில் வரும் பச்சை டிக் எதைக் காட்டுகிறது? சர்வருக்கு வேண்டுகோள் போனதையா, வேலை முடிந்ததையா? டெவலப்பரிடம் உட்கார்ந்து ஒவ்வொரு டிக்கையும் விசாரியுங்கள். சங்கடமான பதில்கள் வரும்.

காத்திருப்பு நேரத்துக்கு யூஎக்ஸ் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் தொகுத்த பழைய அளவுகள் இன்றும் பொருந்தும். 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 நொடி வரை எண்ணம் அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் ஆள் வேறு ஆப்புக்குப் போய்விடுவார், அதற்கு முன்பே எவ்வளவு முடிந்திருக்கிறது என்று காட்டத் தொடங்கிவிட வேண்டும்.

எல்லாம் செய்தும் அழைப்பு நிற்கவில்லையென்றால், பதிலைத் திரையில் தேடும் நிலையில் உங்கள் ஆள் இல்லையோ என்னவோ. கூட்ட நேரத்தில் மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டும் கையால் போனைத் திறந்து எஸ்எம்எஸ் பார்க்க மாட்டார். வாடிக்கையாளர் நீட்டும் ஸ்கிரீன்ஷாட் உண்மையா என்றும் அவருக்குத் தெரியாது. வந்த தொகையைத் தமிழிலேயே சத்தமாகச் சொல்லும் சவுண்ட்பாக்ஸ் கல்லாவில் உட்கார்ந்ததும் அந்தத் தலைவலி தீர்ந்தது. அண்மைக் காலத்தில் இந்தியாவில் வந்த சிறந்த யூஎக்ஸ் வேலை எதுவென்று கேட்டால் திரையே தேவைப்படாத அந்தப் பெட்டியைத்தான் சொல்வேன்.

பயிற்சி பெற்ற ஊழியர்களே தப்புச் செய்கிறார்கள்

வங்கி, மருத்துவமனை, கிடங்கு ஆகியவற்றின் உள் மென்பொருள்களில் இது வரும். "மறுபடி ட்ரெயினிங் போடுங்க", "இன்னொரு அப்ரூவல் சேருங்க" என்பவை வழக்கமான மருந்துகள். இரண்டும் பலிக்காது என்பதற்கு சிட்டிபேங்க் விவகாரம் ஒன்றே போதும்.

2020 ஆகஸ்டில் ரெவ்லான் நிறுவனத்தின் கடனுக்கு வட்டியாக சுமார் 78 லட்சம் டாலரை அந்த வங்கி அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பியதோ அசலையும் சேர்த்து ஏறக்குறைய 90 கோடி டாலர். அசல் தொகை வெளியே போகாமல் வங்கியின் உள் கணக்கிலேயே நிற்க, ஃப்ளெக்ஸ்கியூப் என்ற மென்பொருளில் மூன்று பெட்டிகளில் டிக் போட வேண்டும். ஒன்றில் மட்டும் போட்டிருந்தார்கள். மூன்று பேர் பார்த்து ஒப்புதல் தரும் முறை இருந்தது. மூன்று பேருமே சரியென்றுதான் நினைத்தார்கள். கடைசியில் ஓர் எச்சரிக்கையும் வந்தது: பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரலாமா என்று. எவ்வளவு போகும் என்பதை அது சொல்லவில்லை. வட்டி எப்படியும் வெளியே போகத்தானே வேண்டும், அதனால் "தொடர்க" அழுத்தப்பட்டது. திரும்பி வராத சுமார் 50 கோடி டாலரைக் கடன் கொடுத்தவர்களே வைத்துக்கொள்ளலாம் என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் அது மாறியது.

ஆகவே உங்கள் மென்பொருளில் முதலில் தேட வேண்டியது, எப்போதும் வரும் எச்சரிக்கைகளை. சரியான வேலைக்கும் தப்பான வேலைக்கும் ஒரே எச்சரிக்கை வந்தால் நாலாவது நாளிலிருந்து யாரும் படிக்க மாட்டார்கள். எச்சரிக்கையில் விளைவை எண்ணாக எழுதுங்கள்: "இந்தக் கணக்கிலிருந்து வெளியே போவது இவ்வளவு, போன மாதம் போனது இவ்வளவு". வித்தியாசம் பெரிதாக இருக்கும்போது மட்டும் குறுக்கே நில்லுங்கள்.

அடுத்தது, திரும்பப் பெறும் வழி. 2018 ஜனவரி 13 காலை 8:07க்கு ஹவாய் மக்களின் போன்களில் ஏவுகணை வருகிறது, இது பயிற்சியல்ல என்று அபாய எச்சரிக்கை போனது. தவறான எச்சரிக்கை என்ற திருத்தம் அதே வழியில் போய்ச் சேர 38 நிமிடம் ஆனது. முதல் எச்சரிக்கைக்கு வாசகம் தயாராக இருந்தது. அது பொய் என்று சொல்ல எதுவும் தயாராக இல்லை. உங்கள் மென்பொருளில் எதை அனுப்ப ஒரு பட்டன் இருக்கிறதோ, அதை நிறுத்தவும் ஒரு பட்டன் வேண்டும். நிறுத்தவே முடியாத வேலைகளை சில நிமிடம் தாமதித்து அனுப்புங்கள்.

தமிழ் மொழி வசதி கொடுத்தும் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை

"நம்ம ஆளுங்களுக்கு இங்கிலீஷே போதும் போல" என்று முடிவு கட்டுமுன் சிலவற்றைப் பாருங்கள். மொழி மாற்றும் இடம் ஆங்கில மெனுவுக்குள் நாலு அடுக்கு கீழே, ஆங்கிலப் பெயரோடு இருக்கிறதா? அப்படியென்றால் தமிழ் தேவைப்படுகிறவருக்கு மட்டும் அது கிடைக்காது. முதல் திரையிலேயே, தமிழ் எழுத்திலேயே "தமிழ்" என்று இருக்க வேண்டும். பட்டன்களில் பாதிச் சொல்லோடு மூன்று புள்ளி வருகிறதா? ஆங்கில அளவுக்கு வரைந்த பெட்டியில் தமிழ் அடங்காது. வரி உயரம் குறைவாக இருந்தால் மேல் விலங்கும் கீழ்ச் சுழியும் வெட்டுப்படும். வரையும்போதே உங்கள் ஆப்பின் மிக நீளமான தமிழ் வாசகத்தைப் போட்டு வரையச் சொல்லுங்கள்.

இன்னொரு பெரிய பழுது, பாதி வழியில் மொழி மாறுவது. முதல் மூன்று திரை தமிழில், பிழைச் செய்தியும் எஸ்எம்எஸ்ஸும் ரசீதும் ஆங்கிலத்தில். சிக்கல் வரும் இடத்தில்தான் சொந்த மொழி அதிகம் தேவைப்படும். அங்கேயே கைவிட்டால் ஒருவர் தமிழை நம்பி ஏன் வர வேண்டும்? ரீசார்ஜ், பேலன்ஸ், பில் என்று தெருவில் புழங்குவதைத் தூய தமிழாக்கிப் புரியாமல் செய்திருந்தால் அதையும் திருத்துங்கள்.

புது ஃபீச்சரை யாரும் தொடவில்லை

கண்டுபிடிக்க முடியவில்லையா, தேவையில்லையா என்று பிரிக்க மலிவான வழி இருக்கிறது. அந்த ஃபீச்சர் உதவும் என்று நீங்கள் நம்பும் ஒரு சிறு குழுவுக்கு நேரடி லிங்க் அனுப்புங்கள். ஒரு தடவை பயன்படுத்தி, அடுத்த வாரம் தானாகத் தேடி வந்தால் இடம்தான் பிரச்சினை, மெனுவைத் திருத்துங்கள். ஒரு தடவை பார்த்துவிட்டு வராமல் போனால் தேவை இல்லை. முகப்பில் பேனர், சிவப்புப் புள்ளி, நோட்டிஃபிகேஷன் என்று அதற்கு மேல் தூக்கிப் பிடித்தால் எண் கொஞ்சம் ஏறும். அது ஏமாற்றும் ஏற்றம்.

கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தை 2011இல் தொடங்கி ஜிமெயில், யூடியூப் என்று எல்லாவற்றோடும் பிணைத்தார்கள். கணக்குகள் குவிந்தன. சாதாரணப் பயனர்களுக்கு மூடப்போவதாக 2018 அக்டோபரில் அறிவித்தபோது கூகுளே சொன்னது: 90 சதவீத வருகைகள் 5 நொடிக்கும் குறைவு. எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட எத்தனை பேர் வந்த வேலையை முடித்தார்கள் என்பதை எண்ணியிருந்தால் இது வெகு முன்னரே தெரிந்திருக்கும்.

தேவையில்லை என்று உறுதியானால் ஃபீச்சரை எடுத்துவிடுங்கள். வைத்திருப்பதற்கும் செலவு உண்டு.

எண்கள் ஏறுகின்றன, புலம்பலும் ஏறுகிறது

யாருடைய ஊக்கத்தொகை எந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைக்கும். "சந்தாவை ரத்து செய்தவர்கள்" குறைய வேண்டும் என்று இலக்கு வைத்தால் இரண்டு வழிகளில் குறையும்: சேவை நன்றாவது ஒன்று, ரத்து செய்யும் பட்டனை ஒளிப்பது இன்னொன்று. இரண்டாவது சீக்கிரம் முடியும். அமேசான் பிரைமில் சந்தாவை ரத்து செய்ய நாலு பக்கம், ஆறு க்ளிக், பதினைந்து தேர்வுகள் இருந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023இல் வழக்குப் போட்டது. அந்தப் பாதைக்கு நிறுவனத்துக்குள் ஒரு நெடிய கிரேக்கப் போர்க்காவியத்தின் பெயர் வைத்திருந்தார்களாம்; உள்ளே இருந்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வாவது இருந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அது சமரசமானது. இந்தியாவிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இத்தகைய 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. கூடையில் கேட்காத பொருளை நுழைப்பது, விலையைக் கடைசியில் ஏற்றுவது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது எல்லாம் அதில் உண்டு. உங்கள் ஆப்பைப் பட்டியலோடு ஒப்பிடும் வேலையை ஓர் ஆளிடம் பெயர் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

திருத்தம்: ஒவ்வொரு இலக்கு எண்ணுக்கும் எதிரெண் ஒன்றை அதே டேஷ்போர்டில் பக்கத்திலேயே வையுங்கள். ரத்து விகிதத்துக்குப் பக்கத்தில், ரத்து தொடர்பான புகார்களும் பணம் திரும்பக் கேட்டவர்களும். ஒன்று நன்றாகி மற்றது கெட்டால் கொண்டாட்டம் வேண்டாம்.

புதுத் தோற்றம் வெளியான மறுநாள் ஒரே கொதிப்பு

கோபத்தில் பாதி பழக்கம் போனதன் வலி, சில வாரங்களில் அடங்கும். மீதி, உண்மையாகவே ஏதோ பறிபோனதன் வலி. விமர்சனங்களின் காரத்தை வைத்துப் பிரிக்க முடியாது. தினமும் வருகிறவர்கள் தங்கள் வழக்கமான வேலையை முடிக்க முன்பு எவ்வளவு நேரம் எடுத்தார்கள், இப்போது எவ்வளவு என்று வாரவாரியாகப் பாருங்கள். நேரம் இறங்கிக்கொண்டே வந்தால் பொறுங்கள். இறங்காமல் நின்றால் திருப்பிக் கொடுங்கள்.

2018இல் ஸ்நாப்சாட் நண்பர்களின் ஸ்டோரியையும் அரட்டையையும் ஒன்றாகக் கலந்தது. பழையதைக் கேட்டு 12 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டில் தினசரிப் பயனர்கள் 19.1 கோடியிலிருந்து 18.8 கோடியாகக் குறைந்தார்கள். விண்டோஸ் 8 எடுத்துவிட்ட ஸ்டார்ட் பட்டன் ஒரே ஆண்டில் 8.1இல் திரும்பி வந்தது. எதையும் எல்லோருக்கும் ஒரே நாளில் மாற்றாதீர்கள் என்பதைத் தவிர இதில் சொல்ல அதிகமில்லை.

யூசர் டெஸ்டிங் செய்கிறோம், எதுவும் மாறுவதில்லை

ஆட்களை ஆப்பைப் பயன்படுத்த வைத்துப் பார்க்கும் இந்தச் சோதனையை எப்போது செய்கிறீர்கள்? கோடிங் முடித்த பிறகென்றால், அங்கே கிடைக்கும் பெரிய உண்மை எதையும் டீமால் ஏற்றுக்கொள்ள முடியாது. வெளியீட்டுத் தேதி நெருங்கியிருக்கும். கண்டுபிடிப்புகள் "அடுத்த வெர்ஷனில்" என்ற கிணற்றுக்குள் போகும். காகிதத்தில் வரைந்த நிலையிலேயே ஆட்களைக் கூப்பிடுங்கள். ஐந்து பேர் போதும். நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் போட்ட கணக்கின்படி, ஒருவர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களைக் காட்டிக்கொடுத்தால் ஐந்து பேர் சுமார் 85 சதவீதத்தைக் காட்டிவிடுவார்கள். பதினைந்து பேரை ஒரே மூச்சில் பார்ப்பதைவிட ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர் என்பது நல்லது. ஒன்று கவனம்: அந்தக் கணக்கு ஒரே மாதிரி ஆட்களுக்கானது. டெலிவரி ஊழியரும் ஓட்டல் முதலாளியும் பயன்படுத்தும் ஆப் என்றால் இரண்டு குழுக்கள் வேண்டும்.

என்ன கேட்கிறீர்கள் என்பது அடுத்தது. "இது பிடிச்சிருக்கா?" என்று செய்தவரே கேட்டால் நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு, போகும்போது ஆப்பை அழித்துவிட்டுப் போவார்கள். கருத்தை விடுங்கள், நடந்ததைக் கேளுங்கள்: "கடைசியா எப்பண்ணா சிலிண்டர் புக் பண்ணீங்க? எப்படிப் பண்ணீங்க, இந்த போன்லயே காட்டுங்க." காட்டும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இந்த வேலையின் கஷ்டமான பகுதி. தடுமாறுகிறவருக்கு உதவத் துடிக்கும் டிசைனரைப் பின்வரிசையில் உட்கார வையுங்கள். ப்ராடக்ட் மேனேஜரும் டெவலப்பரும் அந்த அறையில் கட்டாயம் இருக்க வேண்டும். நாற்பது பக்க அறிக்கை செய்யாததை, ஒரு பெரியவர் அதே பட்டனைத் தேடித் தோற்பதைப் பார்த்த பத்து நிமிடம் செய்யும்.

ரோட்மேப் நிரம்பி வழிகிறது, மீட்டிங்கில் நிறத்தைப் பற்றிச் சண்டை

ரோட்மேப், அதாவது இனி செய்யப்போகும் வேலைகளின் பட்டியல், வழிவதும் இந்தச் சண்டையும் ஒரே நோய். யாருக்காகச் செய்கிறோம் என்பது முடிவாகாத டீமில் பெரிய கேள்வியை யாரும் எடுக்க மாட்டார்கள். எல்லோருக்கும் கருத்து இருக்கும் சின்னக் கேள்வியில் மோதிக்கொள்வார்கள். ஏ/பி டெஸ்ட் வைத்து, அதாவது இரண்டு வடிவங்களை வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டி எது நன்றாக ஓடுகிறதென்று பார்த்து, தீர்க்கலாம் என்று தோன்றும். எந்த நீலம் என்று முடிவு செய்ய கூகுளில் 41 நீல நிறங்களைச் சோதித்த கதை அப்படிப்பட்டது. அத்தனை போக்குவரத்து உள்ள இடத்தில் அதற்கும் ஒரு நியாயம் இருக்கலாம். தினம் சில ஆயிரம் பேர் வரும் ஆப்பில் நிறத்துக்கு டெஸ்ட் வைத்தால், வித்தியாசம் தற்செயலா உண்மையா என்று தெரியுமுன் ஆண்டு முடிந்துவிடும்.

ரோட்மேப்பின் ஒவ்வொரு வரிக்கும் நேரே மூன்று கட்டங்கள் போடுங்கள்: யாருக்கு, அவர் இப்போது இதை எப்படிச் சமாளிக்கிறார், முடிந்தபின் எந்த எண் மாற வேண்டும். "போட்டி ஆப்பில் இருக்கு", "சேல்ஸ் கேட்டாங்க" என்பவை எந்தக் கட்டத்திலும் உட்காராது. சேல்ஸ் கேட்டால் எந்த வாடிக்கையாளர், என்ன வேலைக்காகக் கேட்டார் என்று திரும்பக் கேளுங்கள். பல சமயம் அவர் கேட்டது ஓர் எக்ஸல் டவுன்லோடு மட்டுமாக இருக்கும். நடுக் கட்டம் காலியாக உள்ள வரிகளைத் தனியாக எடுத்து வைத்து, ஒரு காலாண்டு காத்திருங்கள். அதற்குள் யாரும் பெயர் சொல்லித் தேடி வராத வரிகளை அழித்துவிடலாம். தேடி வந்தவரை முதல் ஐந்து பேரில் ஒருவராக டெஸ்டிங்குக்குக் கூப்பிடுங்கள்.